நிதித்துறையிலிருந்து பொதுப்பணிக்கு: எம்பிஏ படித்தவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எம்பிஏ முடித்து நிதித்துறைக்குள் நுழையும் பலருக்கு மனதில் ஒரு கணக்கு இருக்கும். முதலில் நன்றாகச் சம்பாதிப்போம், அப்புறம் பொதுக்காரியத்தில் இறங்குவோம் என்று. அந்த அப்புறம் பெரும்பாலும் வருவதே இல்லை. ஆசை அப்படியேதான் இருக்கும். ஆனால் நாற்பது வயதில் திரும்பிப் பார்த்தால் அரசுக்குத் தேவைப்படும் திறமை கையில் இருக்காது, வீட்டுச் செலவு குறைந்த சம்பளத்துக்கு இடம் கொடுக்காது, அரசின் கணக்கு எப்படி எழுதப்படுகிறது என்பதும் தெரிந்திருக்காது. இந்த மூன்றையும் முதல் பத்து ஆண்டுகளிலேயே சேர்த்துக்கொண்டவர்களுக்குத்தான் கடந்து போவது எளிதாக இருக்கிறது. எந்த வரிசையில் சேர்ப்பது என்று இங்கே சொல்கிறேன்.

படி 1: எந்த இடத்துக்குப் போகலாம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பொதுப்பணி என்றதும் தேர்தலும் அமைச்சர் பதவியும்தான் நினைவுக்கு வருகின்றன. நிதி தெரிந்தவருக்கு வேலை இருக்கும் இடங்கள் அதைவிட அதிகம். நிதியமைச்சகத்தின் கடன் மேலாண்மைப் பிரிவு, மத்திய வங்கி, வங்கிகளையும் பங்குச்சந்தையையும் கண்காணிக்கும் அமைப்புகள், நகர நிர்வாகங்களின் நிதிப் பிரிவு, அரசு ஊழியர்களின் ஓய்வூதிய நிதி, நாட்டின் சேமிப்பை முதலீடு செய்யும் நிதியங்கள், உலக வங்கி போன்ற வளர்ச்சி வங்கிகள், தொண்டு அமைப்புகள். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஓட்டுக் கேட்க வேண்டியதில்லை.

போனவர்களின் பாதைகளும் ஒரே மாதிரி இல்லை. ஹென்றி பால்சன் 1970இல் ஹார்வர்டில் எம்பிஏ முடித்ததும் முதலில் போனது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தலைமையகமான பென்டகனுக்கு, பிறகு வெள்ளை மாளிகைக்கு. அதற்கு அப்புறம்தான் கோல்ட்மன் சாக்ஸ் என்ற முதலீட்டு வங்கி. அங்கே தலைவரான பிறகு, 2006இல் அமெரிக்கக் கருவூலச் செயலராக, அதாவது நிதியமைச்சராக, அரசுக்குத் திரும்பி வந்தார். எலைன் சாவ் 1979இல் அதே பள்ளியில் படித்து, வங்கியில் சேர்ந்து, 1983இல் வெள்ளை மாளிகையில் பயிற்சியாகப் பணியாற்றும் ஃபெலோவாகப் போய், மறுபடி வங்கிக்கு வந்து, பின்பு பீஸ் கோர் என்ற அரசின் தன்னார்வலர் அமைப்பு, யுனைடெட் வே என்ற தொண்டு அமைப்பு, தொழிலாளர் துறை என்று போனார். அஜய் பங்கா அகமதாபாத் ஐஐஎம்மில் படித்து, நெஸ்லே, சிட்டி வங்கி, மாஸ்டர்கார்டு என்று முழுக்க தனியார் துறையிலேயே இருந்து 2023இல் உலக வங்கித் தலைவரானார். மைக்கேல் ப்ளூம்பெர்க் 1981இல் சாலமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கியிலிருந்து வெளியேற்றப்பட்டு, சொந்த நிறுவனம் கட்டி, 2002 முதல் 2013 வரை நியூயார்க் மேயராக ஆண்டுக்கு ஒரு டாலர் சம்பளத்தில் இருந்தார்.

இதில் என் கருத்து ஒன்று. பங்காவின் பாதையையும் ப்ளூம்பெர்க்கின் பாதையையும் பார்த்து யாரும் திட்டம் போடக் கூடாது. அவை மிகச் சிலருக்கே கிடைப்பவை. பால்சன், சாவ் இருவரின் பாதையில்தான் நாம் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒன்று இருக்கிறது. இளம் வயதிலேயே ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள் அவர்கள்.

படி 2: படிக்கும்போதே செய்ய வேண்டியவை

யேல் பல்கலைக்கழகம் 1976இல் மேலாண்மைப் பள்ளி தொடங்கியபோது கொடுத்த பட்டத்தின் பெயரே பொது, தனியார் மேலாண்மை முதுகலை என்பதுதான். அரசு அலுவலகத்துக்கும் தனியார் நிறுவனத்துக்கும் ஒரே வகுப்பில் ஆள் தயாராக வேண்டும் என்று நினைத்தார்கள். 1999இல் அதுவும் எம்பிஏ ஆனது. பெயர் மாறினாலும் அந்த நினைப்பு நல்ல நினைப்பு. உங்கள் பள்ளியில் அப்படி ஏற்பாடு இல்லையென்றால் நீங்களே செய்துகொள்ளுங்கள். பொது நிதி, அரசுக் கணக்கியல், நிர்வாகச் சட்டம் ஆகியவற்றில் குறைந்தது இரண்டு பாடம். பக்கத்துத் துறையில் போய் உட்கார்ந்தாவது படியுங்கள். நிறுவன மதிப்பீட்டை வேலையில் சேர்ந்தும் கற்றுக்கொள்ளலாம். நிர்வாகச் சட்டத்தை ஒரு முதலீட்டு வங்கியில் யாரும் சொல்லித்தர மாட்டார்கள்.

கல்விக் கடன் வாங்கும்போது, பொதுப்பணிக்குப் போகிறவர்களுக்கு உள்ள சலுகைகளைக் கையெழுத்துக்கு முன்பே விசாரித்துவிடுங்கள். அமெரிக்காவில் 2007இல் வந்த ஒரு சட்டப்படி, அரசு அல்லது தகுதியுள்ள தொண்டு அமைப்பில் முழுநேரம் வேலை செய்துகொண்டே 120 மாதத் தவணை கட்டியவருக்கு மத்திய அரசின் கல்விக் கடனில் மீதி தள்ளுபடியாகிறது. தனியார் வங்கியில் வாங்கிய கடனுக்கு அது பொருந்தாது. எந்தக் கடனை வாங்கினோம் என்ற ஒரே விஷயம் பத்தாண்டு கழித்து வழியை அடைத்துவிடக் கூடும்.

படி 3: முதல் வேலையைத் தேர்ந்தெடுப்பது

எல்லா நிதி வேலையும் பொதுப்பணிக்குச் சமமாக உதவாது. அரசு பங்கு வெளியிடுவதில்லை. கடன் வாங்குகிறது, வரி வசூலிக்கிறது, உத்தரவாதம் கொடுக்கிறது, நீண்ட காலத்துக்கு ஓய்வூதிய வாக்குறுதி தருகிறது. அதனால் கடன் பத்திரம், கட்டமைப்புத் திட்ட நிதி, கடன் மதிப்பீடு, நொடித்த நிறுவனங்களின் கடன் சீரமைப்பு, தணிக்கை, காப்பீடு, பணப்புழக்க மேலாண்மை போன்ற பிரிவுகளில் வேலை பார்த்தவருக்கு அரசில் முதல் நாளிலேயே உபயோகம் இருக்கிறது. நிறுவனங்களை இணைப்பது, கையகப்படுத்துவது போன்ற வேலை பளபளப்பானது. ஆனால் ஒரு நகரத்தின் கழிவுநீர்த் திட்டத்துக்கு முப்பதாண்டுப் பத்திரம் வெளியிடத் தெரிந்தவரை நகர நிர்வாகம் தேடிக்கொண்டே இருக்கும்.

ஐந்து முதல் எட்டு ஆண்டு ஒரே பிரிவில் இருங்கள். இந்த விஷயம் என்றால் இவரைக் கேளுங்கள் என்று நாலு பேர் சொல்லும் அளவுக்கு ஆழமாகப் போங்கள்.

படி 4: வீட்டுக் கணக்கு

சுருக்கமாகச் சொல்கிறேன். நீங்கள் போக விரும்பும் பொதுப் பதவியின் சம்பளம் எவ்வளவு என்று இன்றே பாருங்கள். பெரும்பாலும் அது எல்லோருக்கும் தெரியும்படி வெளியிடப்பட்டிருக்கும். வீட்டு வாடகை, கடன் தவணை, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அந்தத் தொகைக்குள் அடங்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். மேலே வருவது, போனஸ் உட்பட, சேமிப்புக்குப் போகட்டும். சம்பளம் ஏறிய வேகத்தில் வீடும் காரும் பெரிதாகிவிட்டால், அழைப்பு வரும் நாளில் மறுப்பது நீங்களாக இருக்காது, உங்கள் மாதத் தவணையாக இருக்கும். துணைவரோடு இதை முன்கூட்டியே பேசி முடிவு செய்ய வேண்டும். பாதி வாழ்க்கை அவருடையது.

படி 5: சின்னதாக ஒரு பொதுப் பொறுப்பு, இப்போதே

வேலையில் சேர்ந்த இரண்டாவது மூன்றாவது ஆண்டிலேயே ஒரு சிறிய அமைப்பின் பொருளாளர் பொறுப்பையோ நிதிக்குழு உறுப்பினர் பொறுப்பையோ எடுத்துக்கொள்ளுங்கள். நூலகம், மருத்துவ அறக்கட்டளை, குடியிருப்போர் சங்கம், பள்ளி நிர்வாகக் குழு என எதுவானாலும் சரி. மாதத்துக்கு ஐந்தாறு மணி நேரம் போதும்.

நான் முதன்முதலில் உட்கார்ந்த ஒரு தொண்டு அமைப்பின் நிதிக்குழுவில் வங்கி இருப்பைப் பார்த்து, ஆறு மாதத்துக்குக் கவலையில்லை என்று தைரியமாகச் சொன்னேன். கணக்கு எழுதும் அம்மா மெதுவாகத் திருத்தினார். அந்தப் பணத்தில் பெரும்பகுதி ஒரு குறிப்பிட்ட திட்டத்துக்கென்று நன்கொடையாளர் கொடுத்தது, அதிலிருந்து சம்பளம் கொடுக்க முடியாது என்றார். கையில் பணம் இருந்தும் அடுத்த மாதச் சம்பளத்துக்குக் காசில்லை. கம்பெனிக் கணக்கில் பணம் என்றால் பணம்தான். பொதுக் கணக்கில் ஒவ்வொரு காசுக்கும் அது எதற்காக வந்தது என்று ஒரு பெயர் ஒட்டியிருக்கும். அந்த ஒரு மாலையில் கற்றுக்கொண்டதை எனக்கு எந்த வகுப்பும் சொல்லித்தரவில்லை.

அப்படி ஒரு குழுவில் சேர்ந்ததும் முதல் கூட்டத்திலேயே இவற்றைக் கேளுங்கள்:

- இருக்கும் பணத்தில் எவ்வளவு எந்தச் செலவுக்கும் எடுக்கலாம், எவ்வளவு குறிப்பிட்ட வேலைக்கு மட்டும்?
- காசோலையில் கையெழுத்துப் போடுவதும் கணக்கைச் சரிபார்ப்பதும் ஒரே ஆளா?
- போன ஆண்டு தணிக்கையாளர் எழுதிய குறைகளில் எவை இன்னும் அப்படியே இருக்கின்றன?

படி 6: பொதுக் கணக்கைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். நிறுவனத்தில் பட்ஜெட் என்பது ஒரு திட்டம். வியாபாரம் மாறினால் அதுவும் மாறும். அரசில் பட்ஜெட் ஒதுக்கீடு என்பது சட்டம். சாலைக்கு ஒதுக்கியதை மருத்துவமனைக்குச் செலவழித்தால், நல்ல காரியம் செய்தாலும் சட்ட மீறல்தான். லாபம் என்ற ஒற்றை எண் கிடையாது. அதனால் தவறு நடப்பது வெளியே தெரிய நிறைய நாள் ஆகும்.

இரண்டு நகர்ப்புறக் கதைகளை ஆழமாகப் படிக்கச் சொல்வேன்.

முதலாவது 1975இல் நியூயார்க் நகரம். பல ஆண்டுகளாக அன்றாடச் செலவுகளை மூலதனச் செலவு, அதாவது கட்டடம், சாலை போல நீண்ட காலம் நிற்பவற்றுக்கான செலவு, என்று எழுதி, வசூலாகவே ஆகாத வரியையும் வரப்போகும் வருமானம் என்று காட்டி, குறுகிய காலக் கடனை மேலும் மேலும் வாங்கிப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குறுகிய காலக் கடன் சுமார் 600 கோடி டாலர் வரை போனது. 1975 வசந்தத்தில் வங்கிகள் கையை விரித்துவிட்டன. லசார்ட் முதலீட்டு வங்கியின் ஃபீலிக்ஸ் ரோஹாட்டின் அப்போதுதான் உள்ளே வந்தார். அவர் எம்பிஏ அல்ல, இயற்பியல் படித்தவர். ஆனால் இந்தப் பாதைக்கு அவரைவிட நல்ல பாடம் கிடையாது. மாநில அரசு அந்த ஜூனில் நகராட்சி உதவிக் கழகம் என்ற தனி அமைப்பை உருவாக்கியது. நகரத்தின் விற்பனை வரியும் பங்குப் பரிமாற்ற வரியும் அந்தக் கழகத்தின் பத்திரங்களுக்கு ஈடாகத் திருப்பிவிடப்பட்டன. நகரத்தை நம்பாத முதலீட்டாளர், அந்த வரி நேராகத் தன் வட்டிக்கு வரும் என்றால் நம்புவார் என்பதுதான் அதன் சூட்சுமம். அதுவும் உடனே போதவில்லை. அக்டோபர் 17 அன்று ஆசிரியர் சங்கத்தின் ஓய்வூதிய நிதி, கடைசி நேரத்தில் 15 கோடி டாலருக்கு அந்தப் பத்திரங்களை வாங்க ஒப்புக்கொண்டதால்தான் நகரம் திவாலாகாமல் தப்பியது. ரோஹாட்டின் லசார்டில் வேலையை விடாமலே 1993 வரை அந்தக் கழகத்தை வழிநடத்தினார்.

இதில் கவனிக்க வேண்டியது, பத்திர வடிவமைப்பு பாதி வேலைதான். தொழிற்சங்கத் தலைவர்கள், வங்கியாளர்கள், ஆளுநர், மேயர் எல்லோரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, ஒவ்வொருவரையும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கச் செய்வது மீதிப் பாதி.

இரண்டாவது, 1994இல் கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுன்ட்டி, நம் மாவட்டம் போன்ற ஒரு நிர்வாகப் பகுதி. பள்ளிகள், நகரங்கள், குடிநீர் வாரியங்கள் நம்பிக் கொடுத்த சுமார் 750 கோடி டாலரை அடமானமாக வைத்துக் கடன் வாங்கி, 2,000 கோடிக்கும் மேலான முதலீடாக ஊதிப் பெருக்கியிருந்தார் கருவூல அதிகாரி. வட்டி விகிதம் குறைவாகவே இருக்கும் என்பதுதான் கணக்கு. அந்த ஆண்டு அமெரிக்க மத்திய வங்கி வட்டியை 3 சதவீதத்திலிருந்து 5.5 சதவீதத்துக்குப் படிப்படியாக உயர்த்தியது. வட்டி ஏறியதும் கையில் இருந்த பத்திரங்களின் மதிப்பு சரிந்தது. சுமார் 160 கோடி டாலர் நஷ்டம், டிசம்பர் 6 அன்று திவால் மனு. அதற்கு முந்தைய ஆண்டுகளில் மற்ற இடங்களைவிட அதிக வருமானம் வந்துகொண்டிருந்ததால், எப்படி வருகிறது என்று மேற்பார்வைக் குழு கேட்கவே இல்லை. வட்டி இரண்டு சதவீதம் ஏறினால் என்ன ஆகும் என்று நிதி படித்த ஒரே ஒருவர் அந்த மேசையில் விடாமல் கேட்டிருக்கலாமே என்று இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும். பள்ளிக்கூடங்களின் பணம் அது.

பயிற்சியாக, நீங்கள் வாழும் ஊராட்சி அல்லது நகர அமைப்பின் மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கையை எடுத்துப் படியுங்கள். குறுகிய காலக் கடன் ஏறுகிறதா, ஓய்வூதியப் பொறுப்புக்குப் பணம் ஒதுக்கப்படுகிறதா, ஒருமுறை மட்டும் வந்த வருமானத்தை வைத்து ஆண்டுதோறும் வரும் செலவைச் சமாளிக்கிறார்களா என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதுங்கள். நேர்முகத்தில் உங்கள் பட்டத்தைவிட அந்தக் குறிப்பு அதிகம் பேசும்.

படி 7: உள்ளே போகும் வழி

மூன்று வழிகள் உண்டு. ஒன்று, இளைஞர்களுக்கான திட்டங்கள். உலக வங்கியின் இளம் நிபுணர் திட்டம் 1963 முதல் நடக்கிறது, அதற்கு வயது வரம்பு உண்டு. வெள்ளை மாளிகை ஃபெலோ திட்டம் 1964இல் தொடங்கியது. உங்கள் நாட்டிலும் இப்படி ஏதாவது இருக்கலாம், வயது வரம்பைத் தவறவிடாமல் முதலிலேயே பார்த்து வையுங்கள். இரண்டு, நேரடி ஆட்சேர்ப்பு. ஒழுங்குமுறை அமைப்புகளும் மத்திய வங்கிகளும் அனுபவம் உள்ளவர்களை விளம்பரம் கொடுத்தே எடுக்கின்றன. மூன்று, நியமனம். அது ஆட்களை அறிந்திருப்பதைப் பொறுத்தது. நீல் காஷ்காரி 2002இல் வார்ட்டன் வணிகப் பள்ளியில் எம்பிஏ முடித்து கோல்ட்மனில் இருந்தவர், 2006இல் பால்சனோடு கருவூலத்துக்குப் போனார். இரண்டே ஆண்டில் நிதி நெருக்கடி வந்தது. 70,000 கோடி டாலர் மீட்புத் திட்டத்தை நடத்தும் பொறுப்பு 35 வயதில் அவர் கைக்கு வந்தது. அந்த நெருக்கடி வரும் என்று தெரிந்து அவர் போகவில்லை. வந்தபோது உள்ளே இருந்தார்.

படி 8: சொந்தப் பணமும் பொதுக்கடமையும்

நல்லவர்களும் சறுக்கும் இடம் இது. அமெரிக்கச் சட்டத்தில், தன் பணத்தையோ துணைவர், சிறுவயதுப் பிள்ளையின் பணத்தையோ பாதிக்கும் விஷயத்தில் அரசு அதிகாரி கலந்துகொள்வது கிரிமினல் குற்றம். பால்சன் பதவி ஏற்றபோது கிட்டத்தட்ட 50 கோடி டாலர் மதிப்புள்ள கோல்ட்மன் பங்குகளை விற்றார். இப்படிக் கடமைக்காக விற்கிறவர், விற்ற பணத்தை அனுமதிக்கப்பட்ட பொதுவான முதலீடுகளில் போட்டால் வரியைத் தள்ளிவைக்கலாம் என்று அங்கே 1989 முதல் ஏற்பாடு இருக்கிறது.

நிக்கோலாய் டாங்கன் கதை இன்னும் தெளிவானது. வார்ட்டனில் நிதி படித்து, லண்டனில் ஏகேஓ கேபிடல் என்ற ஹெட்ஜ் ஃபண்டை, அதாவது பெரும் முதலீட்டாளர்களின் பணத்தை நிர்வகிக்கும் தனியார் நிறுவனத்தை, நிறுவியவர். 2020இல் நோர்வே நாட்டின் எண்ணெய் வருமானத்தை முதலீடு செய்யும் நிதியத்துக்குத் தலைவராக அறிவிக்கப்பட்டார். உலகிலேயே பெரிய அரசு முதலீட்டு நிதியம் அது. தன் நிறுவனப் பங்கை விற்காமல், நிர்வாகத்திலிருந்து மட்டும் ஒதுங்கிக்கொள்வதாக முதலில் ஏற்பாடு. அந்த நிதியத்தை நடத்தும் நோர்வே மத்திய வங்கியின் மேற்பார்வைக் குழுவும் பிறகு நாடாளுமன்றமும் அது போதாது என்றன. பல மாத இழுபறிக்குப் பின், ஆகஸ்டில் அவர் தன் பங்கு முழுவதையும் ஏகேஓ அறக்கட்டளைக்குக் கொடுத்தார், மற்ற முதலீடுகளை வங்கி வைப்பாக மாற்றினார், செப்டம்பர் 1 அன்று பொறுப்பேற்றார். முதல் நாளே செய்திருந்தால் அந்த இழுபறியே இருந்திருக்காது.

நீங்கள் செய்ய வேண்டியது: உங்களுக்கும் நெருங்கிய குடும்பத்தாருக்கும் உள்ள பங்குகள், ஃபண்டுகள், நிறுவனப் பொறுப்புகள், இன்னும் வர வேண்டிய போனஸ், பழைய முதலாளி தரும் ஓய்வூதியம் எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக எழுதுங்கள். ஏற்பதற்கு முன்பே அந்தப் பட்டியலை அமைப்பின் நெறிமுறை அலுவலரிடம் கொடுத்து எழுத்தில் பதில் வாங்குங்கள். எதை விற்பது, எதை வைத்துக்கொண்டு அது தொடர்பான முடிவுகளிலிருந்து மட்டும் ஒதுங்குவது என்று சந்தேகம் வந்தால் விற்றுவிடுங்கள். ஒதுங்கி ஒதுங்கி நிற்கும் அதிகாரியால் வேலை நடக்காது.

படி 9: முதல் ஆண்டு

ராபர்ட் மெக்னமாரா 1939இல் ஹார்வர்டில் எம்பிஏ முடித்தவர். ஃபோர்டு நிறுவனத்தின் தலைவராகி சில வாரங்களிலேயே, 1961இல் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலரானார். அவர் அங்கே கொண்டுவந்த திட்ட பட்ஜெட் முறையைப் பல நாடுகள் பின்பற்றின. அதே மனிதரின் காலத்தில்தான் வியட்நாமில் கொல்லப்பட்ட எதிரிகளின் எண்ணிக்கை போரின் முன்னேற்றத்துக்கு அளவுகோலானது. கீழே இருந்தவர்கள் எண்களை ஊதினார்கள், மேலே இருந்தவர்கள் நம்பினார்கள். நாமெல்லாம் எக்செல் தாளில் வளர்ந்தவர்கள். அதனால் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு எண் உங்கள் மேசைக்கு வந்தால், அதை எண்ணியவர் யார், அது கூடினால் அவருக்கு என்ன நன்மை என்று கேளுங்கள்.

முதல் மூன்று மாதம் எதையும் மாற்றாதீர்கள். பல ஆண்டுகளாக அங்கேயே இருக்கும் ஊழியர்களிடம் போய், ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேளுங்கள். வேகமாகக் குறைத்துவிடலாம் என்று தோன்றும் டெண்டர் விதிகளில் பாதி, பழைய ஊழல் ஒன்றுக்குப் பிறகு போடப்பட்டவையாக இருக்கும். மீதிப் பாதியைத் தைரியமாக மாற்றலாம். எது எந்தப் பாதி என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான்.

படி 10: வெளியே வருவது

போகும்போதே எப்போது வெளியே வருவேன் என்று ஒரு உத்தேசம் இருக்கட்டும். பல நாடுகளில், பதவியிலிருந்து இறங்கியவர் தன் பழைய துறையிடமே யாருக்காகவாவது போய்ப் பேசுவதற்குக் குறிப்பிட்ட காலம் தடை உண்டு. அமெரிக்காவில் மூத்த அதிகாரிகளுக்கு அது ஓராண்டு. பதவியில் இருக்கும்போதே அடுத்த வேலைக்குப் பேச்சு வந்தால் அன்றே எழுத்தில் தெரிவித்து, அந்த நிறுவனம் தொடர்பான கோப்புகளிலிருந்து விலகுங்கள்.

கடைசி மாதத்தை ஒப்படைப்புக் குறிப்புக்கு ஒதுக்குங்கள். அடுத்த இரண்டு ஆண்டில் முதிர்வுக்கு வரும் கடன்கள், யாருக்குக் கொடுத்த எந்த உத்தரவாதத்துக்கு எப்போது பணம் கட்ட வேண்டி வரலாம், தணிக்கையாளர் கேட்டு இன்னும் பதில் தராத கேள்விகள், பாதியில் நிற்கும் டெண்டர்கள், நீங்கள் எடுத்து இன்னும் சரியா தவறா என்று தெரியாத முடிவுகள். அடுத்து வருபவரோடும் கணக்கு எழுதும் ஊழியரோடும் உட்கார்ந்து அதை வரிவரியாகப் படியுங்கள். அவர்கள் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் உங்கள் பதிலை அதே குறிப்பில் சேர்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.